யாரோவிலிருந்து முப்பத்தாறு முட்டைகள்

யாரோ என்பது ஊரின் பெயர்.
அபட்ஸ்ஃபோர்டுக்குக் கிழக்கே, மலையடியில்.
என் குறிப்பேட்டில் தமிழில் எழுதும்போதெல்லாம்
யாரென்று கேட்கத் தோன்றும்.

அனுப்பியவர் மார்லீஸ் டர்க்சன்.
முப்பத்தாறு முட்டை, ஒவ்வொன்றிலும்
பென்சிலால் கோழியின் எண்.
கூடவே ஐஸ் பெட்டியில் செத்த கோழி ஒன்று,
காலில் பதினொன்று என்ற வளையம்.
ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே,
ஓடத் தொடங்கிய நொடியில்
நிறுத்திவைத்தது போல.

அறுத்தால்
கல்லீரல் இரு மடங்கு.
வெளிறிய புள்ளிகள், அரிசி நொய் அளவில்.
கல்லீரல் இரண்டு வைரஸ்களைச் சொல்லும்,
எதுவென்று சொல்லாது.
டாக்டர் ப்ரிட்சார்ட் கத்தியை வைத்துவிட்டு
"இரண்டையும் தேடு" என்றார்.
சாப்பிடப் போய்விட்டார்.

முதலில் முட்டை.
வெள்ளைக்கரு பைப்பெட்டை விட்டு வர மனமில்லாத பொருள்;
இழுத்தால் நூலாகும், விட்டால் ஒட்டும்.
தொண்ணூற்றாறு குழித் தட்டு.
கழுவு, எதிர்ப்பொருள், மறுபடி கழுவு,
நிறமி, காத்திரு.
நான்கு குழியில் நீலம்.
அமிலம் விட்டதும் மஞ்சள்.
லுக்கோசிஸ் புரதம்.

மஞ்சள் என்றால் மந்தையே போகக்கூடும்.
மார்லீஸுக்கு அது தெரியும்.
மாலையே அழைத்தார்.
"இன்னும் முடியவில்லை" என்றேன்.
பொய்யில்லை.

கோழிக்குக் குலவைரஸ் ஒன்று உண்டு.
எந்தக் காலத்திலோ தொற்றி
மரபுச் சுருளில் குடியேறி
பத்திரம் மாற்றாமலே
தாய்க்குப் பின் மகளிடம் வருவது.
பெரும்பாலும் தொல்லையில்லை.
ஆனால் அதே புரதத்தைக் கசியும்.
தட்டுக்குக் கண் உண்டு,
உறவுமுறை தெரியாது.

அதற்குத்தான் திரவ நைட்ரஜனில் அந்தச் செல்கள்.
குலவைரஸுக்கு அவற்றில் கதவே கிடையாது.
வெளியாள் மட்டும் நுழைவான்.
"எங்க அபார்ட்மெண்ட் சங்கத்துக்கு
நேர் தலைகீழ்" என்றாள் குல்பிந்தர்.
நான்கு கோழியின் ரத்தம் கேட்டு வாங்கி
அந்தச் செல்கள் மேல் விட்டோம்.
ஒன்பது நாள்.
சூமாஸ் சமவெளியில் மழை விடவில்லை.
ப்ளூபெர்ரி வரிசைகளுக்கிடையே தண்ணீர்.

இடையில் இறகு.
பதினொன்றின் சிறகிலிருந்து ஐந்து பிடுங்கி
அடிக்குழலை நறுக்கிக் கூழைப் பிதுக்கினேன்.
மாரெக் வைரஸ் இறகின் வேரில் முதிர்ந்து
பொடியாய் உதிர்ந்து காற்றேறும்.
ஊசி போட்ட கோழியிலும் கொஞ்சம் இருக்கும்.
இருக்கிறதா என்பதல்ல, எவ்வளவு என்பதே கேள்வி.
திரையில் கோடு
பதினாறாம் சுற்றிலேயே எழுந்துவிட்டது.
நுண்ணோக்கியில் தொடை நரம்பு:
இழைகளுக்கிடையே நிணச்செல்கள்,
கடைசி பஸ் கூட்டம்.

பத்தாம் நாள் செல்களின் தட்டு.
ஒரு குழியிலும் மஞ்சள் இல்லை.
நான்கும் வீட்டாள்தான்.

போனில் சொன்னேன்.
லுக்கோசிஸ் இல்லை.
மாரெக் இருக்கிறது, கொட்டகைத் தூசியில்,
மாதக்கணக்கில் இருக்கும்.
இனிக் குஞ்சு பொரித்த அன்றே ஊசி.
மறுமுனையில் கோழிகளின் சத்தம் மட்டும்.
"அப்படியானால் இது நல்ல செய்தியா?"
அந்தக் கேள்விக்கு எங்களிடம் தட்டு இல்லை.

பிறகு, படிவத்தில் எழுதாத ஒன்றைச் சொன்னார்:
பதினொன்றுக்குப் பெயர் இருந்தது. வால்ட்ராட்.
எழுத்துக் கூட்டச் சொன்னேன்.
கூட்டினார், மெதுவாக,
நடுவில் ஒருமுறை நிறுத்தி.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.
அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.