மஞ்சள் பெட்டி

ஏழாம் வாட்டில் விரிப்பை உருவும்போது
மடிப்புக்குள் கிடந்த ஊசி
கையுறையைத் தாண்டி வந்தது.
வலியில்லை. எறும்பு கடித்த மாதிரி.

பதறிப்போய் விரலைப் பிதுக்கப் பார்த்தேன்.
"பிதுக்காதை!" என்றாள்
கிண்ணியாவிலிருந்து வரும் றிஸ்மியா.
குழாயை அவளே திறந்துவிட்டாள்.
சவர்க்காரம், ஓடுகிற தண்ணீர், பதினைந்து நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில்
சீமெந்துக் கப்பலொன்று
அசையாமல் கிடந்தது.

பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள்.
பெயர், நேரம், எந்த விரல்.
"யாருடைய கவனக்குறைவு?"
அதற்கும் ஒரு கட்டம், தீப்பெட்டி அளவில்.
ஊசி போடும் மஞ்சள் பெட்டி
முந்தாநாளே நிரம்பி
வாய் பிளந்து நின்றதை
அதற்குள் எப்படி அடக்குவது?
எழுத்தைச் சிறிதாக்கினேன்.
போதாமல் விளிம்பிலும் எழுதினேன்.

இன்று முதல் இரத்தம்.
ஆறு கிழமையில் அடுத்தது.
பிறகு மூன்றாம் மாதம்.

இரவு, மகன்
தோடம்பழம் உரித்துத் தரச்சொல்லி நீட்டினான்.
ஒன்றும் ஆகாதென்று தெரியும்.
இதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.
"நீயே உரி" என்றேன்.
அவன் என் விரலைப் பார்க்கவில்லை,
முகத்தைத்தான் பார்த்தான்.

காலையில் வாட்டு மூலையில்
புதுப்பெட்டி இருந்தது.
கூட்டுவதற்காக நகர்த்தினேன்.
உள்ளே
ஒன்றே ஒன்று உருண்டது.