பாடுசாலை

ஆடிக் காற்றில்
எங்கள் கட்டடத்து நெற்றியிலிருந்து
மூன்று எழுத்து விழுந்தது.
ட், ட, ரி.
எழுத்துகள் துருப்பிடிக்காத எஃகு.
திருகாணி அப்படியில்லை.
துருவை ஆராய்கிற இடம் என்பதால்
யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை.

மிச்சம் நின்றது: லேபர.
தலையில் ஒரு புள்ளி வைத்தால் அது நான்.
ஒப்பந்தக்காரர் பதிவேட்டில்
அழகுநாச்சி என்று ஒருத்தி கிடையாது,
லேபர் ஏழு.
அந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு.
பெரியாஸ்பத்திரி லேபர் வார்டில் பதினாறு மணி நேரம்,
மகன் பிறந்தான்.
மதுரை லேபர் கோர்ட்டில் எட்டு வாய்தா,
இன்னும் ஒன்றும் பிறக்கவில்லை.

புதுப் பலகை தமிழில் வேண்டுமென்று உத்தரவு.
குழு கூடியது. ஐந்து பேர், ஆறு டீ.
ஆறாவது என் கணக்கு.
சோதனைச்சாலை என்றார் கதிரேசன்.
ஐயோ, காரைக்குடியில் சோதனை என்று எழுதினால்
வருமானவரி ஜீப் என்று
கதவைச் சாத்துவார்கள் என்றார் கணக்கர்.
நூலகத்து உமையாள் தடித்த அகராதியை விரித்து
விரலால் ஓட்டி வாசித்தார்:
லத்தீன். லபோராரே. பாடுபடு.
பாடுபடும் இடம், லபோராத்தோரியம்.
முதலில் அது
ஈயத்தைப் பொன்னாக்கப் பார்த்தவர்களின் அடுப்படியாம்.

இங்கே இரும்பு
இரும்பாக இருந்தாலே போதும்.
மொட்டைமாடியில் நூற்றிருபது தகடுகள்,
வெயிலுக்கும் மழைக்கும் முகம் காட்டிச் சாய்ந்து.
மாதக் கடைசியில் இறக்கி
அமிலத்தில் முக்கி, துரு கழுவி,
உலர்த்தி, நிறுத்துக் கொடுப்பேன்.
தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம்.
என்ன குறைந்ததோ அதுதான் முடிவு;
அதைத்தான் கட்டுரையில் போடுவார்கள்.

லபோராத்தோரியம்,
லேபரட்டரி,
லேப்.
சொல்லும் வெளியில்தான் கிடந்திருக்கிறது போல.
என் தராசில் வைத்தால்
எத்தனை கிராம் குறைந்திருக்கும்?
முதலில் உதிர்ந்தது எது என்று பார்த்தேன்.
லேப் என்கிறபோது
ஆள் போய்விடுகிறது,
அறை மட்டும் நிற்கிறது.

டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டே சொல்லிவிட்டேன்:
அப்போ பாடுசாலைன்னு போடுங்க.
பாடசாலையா என்றார் கதிரேசன்.
இல்லைங்க சார், பாடு.
ஒரு நொடி.
பிறகு எல்லோரும் சிரித்தார்கள், உமையாளைத் தவிர.
அவர் பென்சிலால்
அகராதி ஓரத்தில் ஏதோ குறித்தார்.
கூட்டக் குறிப்பில் அது இல்லை.
ஆய்வகம் என்று முடிவானது.

நல்ல சொல்தான். குறை சொல்லவில்லை.
இன்று விடியுமுன் செக்காலை வீட்டில்
முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டுத்தான் வந்தேன்.
பழுப்பைத் தள்ளி, காம்பைத் தள்ளி,
பூச்சி முட்டை ஒட்டியதை வெளிச்சத்தில் பிடித்து.
அதற்கும் ஆய்தல் என்றுதான் பேர்.
ஆனால் அதற்குச் சம்பளம் இல்லை,
இதற்கு நானூற்றைம்பது.
செக்காலை என்றால் செக்கு இருந்த ஆலை என்பார்கள்.
செக்கைக் கேட்காதீர்கள்.
பெயர் மட்டும் பஸ்ஸில் ஏறி இறங்குகிறது.

லத்தீன்காரன் முதுகைப் பார்த்துப் பேர் வைத்தான்,
நம்மவர் விரலைப் பார்த்து.
எனக்கு இரண்டும் வலிக்கிறது,
மழைநாளில் முதுகு கொஞ்சம் கூட.

பலகை வர இன்னும் நாற்பது நாளாகும், டெண்டர்.
அதுவரை லேபர தொங்கும்.
நேற்று ஒரு காகம் மேலே உட்கார்ந்து
எச்சமிட்டது.
சரியாக ர-வின் தலையில் விழும் என்று
வாளியோடு அண்ணாந்து நின்றேன்.
ஒரு சாண் தள்ளி விழுந்தது.
அதையும் நான்தான் கழுவினேன்.