ஒன்பது டெசிபல்

மாரிபோரில் இந்த அறையை
மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறோம்.
தாமிரத் தகடு போர்த்திய சுவர். சன்னல் கிடையாது.
த்ராவா ஆற்றின் மூடுபனிக்கு உள்ளே அனுமதி இல்லை,
கைப்பேசி அலைக்கும் இல்லை.
எல்லைக்கோட்டை யாரோ எப்போதோ வரைந்துவிட்டார்கள்.
எது தாண்டியது என்று சொல்வது என் வேலை.

வியாழன் மாலை நாலரைக்கு
நெவேன்கா க்ரொபிவ்னிக் வந்தாள்,
செருப்புப் பெட்டிக்குள் ஒரு மின்வழங்கியோடு.
வீட்டில் படுத்திருப்பவர்களுக்கு
மூச்சூட்டும் கருவியின் வயிறு அது.
செருகியை மாட்டினோம்.
டிரான்சிஸ்டர் நொடிக்கு அறுபத்தையாயிரம் தடவை
வாய் திறந்து மூடியது.
சாப்பிடும் வயிறு ஏப்பமும் விடும்.
வாங்கிய கம்பி வழியாகவே
எச்சில் சத்தத்தைத் திருப்பி அனுப்பியது ஊருக்கு.

திரை முழுக்க முட்கள்.
முதல் முள்ளும் இரண்டாம் முள்ளும்
நூற்றைம்பது கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே;
அங்கே சட்டத்துக்குக் கண் தெரியாது.
மூன்றாவது தலை தூக்கிப் பார்த்துக்
கோட்டுக்கு அடியில் பதுங்கியது.
பன்னிரண்டு மெகாஹெர்ட்ஸில்தான்
அந்த மேடு. ஒன்பது டெசிபல் மேலே.

"ஒய் மின்தேக்கியைப் பெரிதாக்கலாமே?"

கால்குலேட்டரைத் தொடாமல் சொன்னாள்:
"நாலு புள்ளி ஏழு நானோ வைத்தால்
உன் மேடு சரியும்.
முந்நூற்று நாற்பது மைக்ரோ ஆம்பியர்
மூக்கில் குழாய் மாட்டியவர் தோல்வரை கசியும்.
எனக்கு நூறுக்குத்தான் அனுமதி.
உன் திரை அடங்குவதற்கு
அவர் உடம்பையா வாய்க்கால் வெட்டுவது?"

பிறகு சோக்கைக் கையில் எடுத்தாள்.
கறுத்த ஃபெரைட் வளையம்,
இரு பக்கமும் எண்ணிக்கை பிசகாத சுற்று.
போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும்
உள்ளே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்;
அவை கடந்ததே வளையத்துக்குத் தெரியாது.
இரு கம்பியிலும் ஒரே திசையில்
கூட்டுச் சேர்ந்து வருவதை மட்டும்
கழுத்தில் கைவைத்து நிறுத்தும்.
(என் வீட்டு மாடிக்கு அப்படி ஒன்று வேண்டும்.)

பெரிய வளையத்தைப் பற்றவைத்தாள். அரை டெசிபல்.
இன்னொரு எக்ஸ் மின்தேக்கி. மேடு அசையவில்லை.
ஆறரை ஆயிற்று. வாடகை ஓடிக்கொண்டிருந்தது.
அவள் கம்பெனியில் பணத்தை எண்ணுகிற யெர்னெய்
இதற்குள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பானோ.
இங்கே அவன் குரல் வராது,
அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்றேன்.
முதல் தடவையாகச் சிரித்தாள்.

சிரித்தபடி பலகையைச் சாய்த்தவள்
அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரிலிருந்து வரும் பழுப்புக் கம்பியும் நீலமும்
அழகாக மடித்து,
நைலான் பட்டியால் இறுக்கிக் கட்டி,
டிரான்ஸ்ஃபார்மரின் தோளில் படுத்திருந்தன.
வாசலில் வடிகட்டி விறைப்பாக நிற்கிறது.
இரைச்சல் வாசல் பக்கமே வரவில்லை.
சுவரேறிக் குதித்துத்
தெருவில் நடந்துகொண்டிருக்கிறது.

"யார் கட்டியது?"
"நான்தான். விளம்பரத்துக்குப் படம் எடுக்க வேண்டியிருந்தது."

செருகியை உருவினேன்.
மின்தேக்கியில் மிச்சமிருந்தது வடிவதற்கு
அவள் சத்தமாக எண்ணினாள்: ஏனா, த்வே, த்ரி.
பட்டியை வெட்டினாள். டிக்.
கம்பிகளை ஒரு சாண் விலக்கி
மேசை ஓரத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டினாள்,
கோணல்மாணலாக, படம் எடுக்க லாயக்கில்லாமல்.

மறுபடி மாட்டினோம்.
மேடு இருந்த இடத்தில் புல்வெளி.
கோட்டுக்கு நாலு டெசிபல் கீழே.

நான் அறிக்கையைத் தட்டத் தொடங்கினேன்.
அவள் திரையை விட்டு நகரவில்லை.
இருபத்திரண்டில் ஒற்றை முள்,
கோட்டுக்கு ஒரு டெசிபல் கீழே,
நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தது.
"தேறிவிட்டது" என்றேன்.
"வெயிலில் சூடானால் எட்டிப் பார்க்கும்.
திங்கட்கிழமை வருகிறேன்."

கனத்த கதவைத் தள்ளித் திறந்தோம்.
மூடுபனி முதலில் வந்தது.
அடுத்த கணம் அவள் கோட்டுப் பையில்
யெர்னெய்,
ஏழு தடவைக்கும் சேர்த்து.