இருபத்திரண்டாவது டேக்

பளுகலில் இரவு இரண்டேகாலுக்கு
செக்போஸ்ட் கொஞ்சம் கண்ணயரும்.
அந்த முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு.

ரப்பர் தோட்டத்து பங்களா.
மின்விசிறியை நிறுத்தினோம்,
பிரிட்ஜின் ஒயரைப் பிடுங்கினோம்.
பலா மரத்தடியில் சாக்கு விரித்தோம்,
பழம் விழுந்தாலும் கேட்காமலிருக்க.
தவளைகளிடம் சொல்ல ஆளில்லை.

இரும்பே இல்லாத மரச்சட்டம்,
தோல் போர்த்திய குட்டிச் சுத்தியல்கள்,
மிதிகட்டைக்குப் பதில்
முழங்காலால் தூக்கும் நெம்பு.
இன்றைய சுருதிக்கு அரைக்கட்டை கீழே.
பாறசாலைத் தங்கச்சன்
டேக்குக்கு டேக் ஈரத்தைத் திட்டியபடி
கம்பி முறுக்குகிறார்:
"மழ பெய்தா இவ கேக்கில்ல."

ஜெபசீலி வாசிக்கிறாள்.
சொனாட்டாவின் மெதுவான பகுதி.
ஒரு ஸ்வரம் எழும்பி
நிற்க நேரமின்றி வற்றுகிறது;
அது வற்றும் இடத்தில்
அடுத்ததை வைக்கிறாள்.
பெரிய பியானோவில் பழகிய விரல்
பத்து நாள் அழுதது இதற்குத்தான்.

பதினேழில் கொசு.
பத்தொன்பதில் என் வயிறு.
இருபத்திரண்டில்
கடைசி ஸ்வரமும் அடங்கி,
அவள் முழங்கால் இன்னும் இறங்காமல்,
நான் ஐந்து வரை எண்ணுகையில்
மூன்றில்
கோழி லாரி ஒன்று
கம்பை உயர்த்தச் சொல்லி ஊதியது.

போச்சு என்று கையைத் தூக்கினேன்.
அசையாதே என்றாள் கண்ணால்.
ஹெட்போனில்
யாரும் தொடாத கம்பிகள்
லாரிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன,
சன்னமாக,
கேட்டவர் போய்விட்ட பிறகும்.

இசைத்தட்டுக்குப் போகும் டேக்கில்
அதை வெட்டிவிட்டேன்.
தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன்,
பதினொரு நொடி.
பெயர்: கோழி.