ஆரும் என்னும்

வண்ணாரப்பேட்டை மேம்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி
பம்புசெட்டு சாமான் கடை.
அதன் பின்னறை, ஒரு கணினி, நான்,
கூரை ஒழுகும் இடத்தில் ஒரு பெயிண்ட் வாளி.

ஐப்பசி கடைசி. வாளி பாதி நிறைந்த மத்தியானம்
கோயம்புத்தூர் கம்பெனி மெயில் வந்தது.
எப்போதும் போல "வணக்கம் ஜெசிந்தா மேடம்",
மழை எப்படி என்று ஒரு விசாரிப்பு,
போன வாரம் நாங்கள் கேட்ட இம்பெல்லரின்
விலை கூடச் சரி.
அதற்கும் கீழே, குரலைத் தாழ்த்தியது போல ஒரு வரி:
ஆடிட்டிங் நடக்கிறது, பழைய கணக்கில் போட வேண்டாம்,
புதிய எண் இது.
இன்றைக்கே.

முதலாளி அம்பாசமுத்திரத்தில், கல்யாணப் பந்தியில்.
நாதசுரமும் அவரும் சேர்ந்து சொன்னார்கள்:
"போட்டுருட்டி. லோடு நின்னா
பிசான நடவுக்காரன் நம்மளத்தான் வைவான்."
நாலு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

போட்டிருப்பேன்.
மூக்குக் கண்ணாடியில் சாம்பார் ஆவி.
துடைத்து மாட்டிக் குனிந்தேன்.
முகவரியில் காமாட்சி என்ற பெயரின் நடுவே
அந்த எம் சற்றே அகலம்.
எம் இல்லை அது.
ஆரும் என்னும் தோளோடு தோள் ஒட்டி
எம் வேஷம் கட்டி நிற்கின்றன.

ஆர்?
இருட்டில் கதவு தட்டினால் எங்கள் பக்கம் கேட்பது.
கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது.
பதினாறு வருஷத்துக் கொடுக்கல் வாங்கல்.
ஆறு கடைக்குள் வந்த வருஷம்
"மெதுவாத் தாங்க" என்றவர்கள்.
அவர்களிடம் போய், நீங்கள்தானா நீங்கள் என்று.

மெயிலில் இருந்த நம்பரைத் தொடவில்லை.
கரையான் அரித்த பில் புக்கின் அட்டையிலிருந்து
ஒவ்வொரு எண்ணாக அழுத்தினேன்.
ரங்கராஜ் எடுத்தார். கேட்டேன்.
பேச்சு நின்றது. அந்த இடைவெளியில்
கொஞ்சம் கோபம் இருந்ததென்றே இன்றும் நினைக்கிறேன்.
பிறகு: "அந்த பேங்குல எங்களுக்கு
அக்கவுண்டே இல்லீங்க."

வாளி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் மேலப்பாளையத்திலிருந்து
ரசூல் மைதீன் நனைந்தபடி வந்தான்.
மானிட்டர் ஓரத்துச் சீட்டை வாசித்துச் சிரித்தான்.
நெல்லையப்பர், ஒன்று, இரண்டு, மூன்று.
"பாதி பஜாருக்கு இதாங்க்கா சாவி.
அவன் வெளிய நின்னு எட்டிப் பாக்கல.
ஆறு வாரமா உள்ள உக்காந்து படிச்சிருக்கான்."

ஆறு வாரம்.
இம்பெல்லர் விலை,
முதலாளியின் சர்க்கரை மாத்திரை ரசீது,
மகளின் ஃபீஸுக்கு முன்பணம் கேட்டு
நான் எழுதி, அழித்து, எழுதி
அனுப்பாமல் வைத்திருந்த கடிதம்.
பணம் போகவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள்.
தலையாட்டினேன்.

எதிர்க்கடை ஆவுடையப்பன் அதே வாரம் போட்டுவிட்டார்.
பைப் வாங்க வைத்திருந்தது, பதினோரு லட்சம்.
நான்தான் பத்தொன்பது முப்பதுக்கு அடித்துக் கொடுத்தேன்.
காத்திருப்பு இசைக்கு
அவர் "ஐயா, ஐயா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலாளி கல்யாண லட்டு ஒன்றை
என் மேசையில் வைத்தார், பேசவில்லை.
அன்று ராத்திரி ஷட்டரைப் பூட்டி
வழக்கம் போல இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.
இத்தனை வருஷத்தில் எந்தப் பூட்டும்
அதற்காக அவரைக் கோபித்ததில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும்
கணக்கை ஒரு டிஸ்கில் நகலெடுத்து, வயரைப் பிடுங்கி,
காலி டிபன் பாக்ஸோடு சமாதானபுரம் பஸ்ஸில் ஏறுகிறேன்.
பையைக் கீழே வை என்கிறார் கண்டக்டர்.
மடியை விட்டு இறக்குவதில்லை.

போன வாரம் ரங்கராஜ் கூப்பிட்டார்.
"மேடம், பழைய நம்பர்லதான் பேசறேன்.
இம்பெல்லர் நூத்தியிருபதுன்னு ஒரு ஆர்டர்,
போட்டது நீங்கதானுங்களா?"

நான்தான் என்றேன்.
சொல்லிவிட்டு ஆர்டரை எடுத்துப் பார்த்தேன்.
நான்தான்.
ஒரு சைபர் கூடிப்போச்சு.