கோ தண்டம்

என் பெயர் கோதண்டம். வில்லின் பெயர்.
மோல்மேனில் அதை இரண்டாக ஒடித்துக் கூப்பிடுகிறார்கள்.
பர்மியில் கோ என்றால் அண்ணன்.
மீதிக்கு அவர்களுக்கு அர்த்தம் தெரியாது.
எனக்குத் தெரியும்.

வலது கை மேலே போக மறுத்த ஆனி மாதத்திலிருந்து
பெயர் பொருந்தித்தான் இருந்தது.
முப்பது வருஷமாய்
ஒரு முழத்துக்கு அறுபடாமல் விழுந்த டீ
சாண் அளவுக்கு வந்துவிட்டது.
"உன் டீ குள்ளமாயிடுச்சு" என்றான்
படகுத்துறையிலிருந்து வரும் கோ மின் லுவின்.
சிரித்தேன். சிரித்தால் தோளில் இடிக்கும்.

இராத்திரி, கடன்காரனைப் பக்கத்தில் படுக்கவைத்தது மாதிரி
கையோடு படுத்திருந்தேன்.
அவன் தூங்கவிட்டால்தானே.
கோயிலில் இடது கை மட்டும் உச்சிக்குப் போனது.
முருகனிடம் ஏதோ சந்தேகம் கேட்க
கை தூக்கி நிற்பவன் போல நின்றேன்.

சந்தையில் ஒருவர் எண்ணெய் போட்டு முறுக்கினார்.
மருந்துக்கடையில் மஞ்சள் மாத்திரை.
எக்ஸ்ரே எடுத்தார்கள்.
படத்தில் எலும்பு
ஒன்றுமே நடக்காதது போல வெள்ளையாய் இருந்தது.

டாக்டர் மீ சான் மோன்காரப் பெண். சின்ன உருவம்.
"பெஹ்மா நாலே?" எங்கே வலி என்று கேட்டாள்.
அவர்களுக்கு நா என்றால் வலி.
நான் ஒரு கணம்
நாக்கை நீட்டப் பார்த்தேன்.

"நீயே தூக்கு."
காது வரைக்கும்கூட வரவில்லை.
"இப்போது விடு, நான் தூக்குகிறேன்."
அதே இடம். அதே ஆணி.
முழங்கையை விலாவோடு ஒட்டவைத்து
கையை வெளியே திருப்பினாள்.
கதவு ஒரு விரல்கூடத் திறக்கவில்லை.

"கயிறு அறுந்திருந்தால்
நீ தூக்கினால் வராது, நான் தூக்கினால் வரும்.
உனக்கு யார் தூக்கினாலும் வரவில்லை.
இது பூட்டு.
உறைந்த தோள்."

மோல்மேனில்
ஐஸ் பாக்டரிக்கு வெளியே எதுவும் உறைந்து நான் பார்த்ததில்லை.
டீ ஆற்றி ஆற்றித்தானே என்றேன்.
அவள் தோளை விட்டுவிட்டு
விரலைப் பிடித்தாள். குத்தினாள்.
ஒரு பொட்டு இரத்தம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஸீஜோ என்றாள்.
ஜோ, சோ, இரண்டும் இனிப்புதான்.
காலை நாலு மணியிலிருந்து
சோ செய்ன், சோ செய்ன் என்று
என்னைப் பார்த்துக் கத்துகிறார்களே, அதே இனிப்பு.
ஒவ்வொரு கெட்டிலுக்கும் ஒரு கரண்டி ருசி பார்ப்பேன்.
ஒரு நாளைக்கு எத்தனை கெட்டில்?
அவள் கேட்டாள்.
நான் எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

மூட்டுக்குள் ஊசி போட்டாள்.
"நாலு நாள் சர்க்கரை ஏறும், பயப்படாதே.
ஒன்றரை வருஷம்கூட ஆகலாம், அதற்கும் பயப்படாதே."
சட்டை போடும்போது வலிக்கிற கைக்கு முதல் மரியாதை,
கழற்றும்போது அது கடைசி.
நாற்பது வருஷத்துப் பழக்கம்,
தினமும் தப்பாகவே தொடங்குகிறேன்.
செண்பகம் சட்டையைப் பிடுங்கித் திருப்பிப் போடுகிறாள்.

பிறகு சுவர்.
இரண்டு விரல் நண்டு மாதிரி மேலே ஊர வேண்டும்.
நின்ற இடத்தில் செண்பகம் தனாக்கா தொட்டு
ஒரு கோடு இழுப்பாள்.
சல்வீன் ஏறிய வருஷம்
ஸ்ட்ராண்ட் ரோடு கடைகளில் பதிந்த கோடு மாதிரி
ஒன்றுக்கு மேல் ஒன்று.
மூன்று வாரம் ஒரே கோட்டின் மேல் கோடு போட்டாள்.
அது தடித்ததுதான் மிச்சம்.

இப்போது ருசி பார்ப்பதில்லை.
நிறத்தைப் பார்க்கிறேன், நுரையைப் பார்க்கிறேன்,
குடிப்பவன் முகத்தைப் பார்க்கிறேன்.
சில நாள் தப்புகிறது.
போன செவ்வாய் டாக்டரே வந்து உட்கார்ந்தாள்.
சோ செய்ன் கேட்டாள்!
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கையை மட்டும் உயர்த்தினேன்.

சாண். அதற்குமேல் நாலு விரல்.
அறுபடாமல் விழுந்தது.

நா, என்றேன்.
எந்தப் பாஷையில் என்று
அவளும் கேட்கவில்லை.