இரண்டு தசம் நான்கு

புதன் பின்னேரம் கம்பனிக்காரன் வந்து
றூட்டரை மாற்றிவிட்டுப் போனான்.
வெள்ளை நிறம், பூச்சாடி உயரம், ஒரே ஒரு பச்சை விளக்கு.
இனி எல்லாம் வேகம் என்றான்.
வேகம்தான்.
பின்வளவுக் கம்பத்தில் நிற்கிற வானிலைமானிக்கு மட்டும்
அந்த வேகம் விளங்கவில்லை.

சமையலறைத் திரை வரைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது எல்லாம்:
ரெஜைனாவின் காற்று, வடமேற்கு, மணிக்கு முப்பத்தெட்டு;
குளிர், மைனஸ் இருபத்துநாலு.
வாசலைத் தாண்டி உலகத்துக்குப் போகவில்லை.
மூலையில் விசிறிச் சின்னம்
தூசு விழுந்த கண்போல இமைத்துக்கொண்டே இருந்தது.

வியாழன் காலை ஹூஸ்டனிலிருந்து நிரோஜன்:
"மச்சான், வளவைக் காணேல்லை."
இந்த வீட்டை விட்டுப் போய் மூன்று வருசம்.
கம்பத்தை நட்டவன் அவன்; கொங்கிறீற் குழைத்தவன் நான்.
"இன்னும் பாக்கிறியா?"
"பல்லுத் தீட்டேக்க. உனக்கு விறைக்குது எண்டு கண்டால்
எனக்கு வேலைக்குப் போக மனம் வரும்."

அணைத்தேன். முப்பது எண்ணினேன். போட்டேன்.
ஊக்கு முனையோடு பின்பக்கத் துளைக்குப் போனேன்.
குத்தாதே என்றான், குத்தினால் எல்லாம் மறந்துபோகும்.
றூட்டரின் பட்டியலைத் திறந்தேன்:
என் போன், டிவி, கீழ்த்தளத்து ஒலெக்சாண்டரின் பிரிண்டர்,
யாருடையதென்று தெரியாத ஒரு மின்குமிழ்.
வானிலைமானி இல்லை.

வெள்ளி இரவு ஒன்றரைக்குத்தான் பிடிபட்டது.
இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் முடிந்து வைத்திருக்கிறது புதியது.
ஐந்தில் கூப்பிட்டால் எங்கள் பழைய பெட்டிக்குக் கேளாது,
இரண்டு தசம் நான்குதான் அதன் காது.
பிரித்து வைத்தேன்.
பிறகும் வரவில்லை.
தன்னை முன்பு கூப்பிட்ட பெயருக்குக் காத்திருந்தது.

புதுப் பெயரைச் சொல்லிக்கொடுக்கிற செயலி
நிரோஜனின் போனில் இருந்தது;
போன் வஸ்கானா ஏரிக்குள் இருக்கிறது.
ஆகவே மாறிச் செய்ய வேண்டும்.
பெட்டிக்குப் படிப்பிக்காமல்
றூட்டருக்குப் பழைய பெயரை வைத்தேன்:
பருப்பு மாளிகை.
நாலு பெடியள், இரண்டு அறை, ஒரு குக்கர்.

கடவுச்சொல்?
நிரோஜன் சொன்னது பிழை.
விடியும்வரை பொறுத்து வான்கூவரில் கஜரூபனை எழுப்பினேன்.
அவன் சொன்னது ஒருத்தியின் பிறந்தநாள்;
அதுவும் பிழை, பிறகு நெடுநேரம் அவளைப் பற்றிக் கதைத்தான்.
ஹலிஃபாக்ஸில் தர்சிகன் யோசிக்கவே இல்லை:
"வாடகைப் பங்கு. முந்நூற்று முப்பத்தஞ்சு. மூண்டு தரம் அடி.
கடைசி மாசக் காசு நான் இன்னும் தரேல்லை,
பிறகெப்பிடி மறக்கும்?"

சனி காலை ஒன்பது நாற்பது.
விசிறி இமைப்பதை நிறுத்தியது.
ஹூஸ்டனில் திரும்பவும் எங்கள் வளவு.

வரைபடத்தில் புதன் பின்னேரத்துப் புள்ளி,
சனி காலைப் புள்ளி,
நடுவில் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஒரு நேர்கோடு.
மைனஸ் இருபத்துநாலிலிருந்து மைனஸ் பத்தொன்பதுக்கு
கைகட்டி நடந்து வந்திருக்கிறது குளிர்.

அப்படி இல்லை.
வெள்ளி விடியப்புறம் ஐந்து மணிக்குத்
தண்ணீர் குடிக்க எழும்பி நான் கண்டேன்:
மைனஸ் நாற்பத்தொன்று தசம் மூன்று.
காற்று பூச்சியம். கம்பத்தின் மூன்று கிண்ணங்களும்
ஏந்திய கைகளாய் நின்றன.
வேலியோரம் ஒரு கல் என்று நினைத்தேன்;
பிறகு அதன் ஒரு காது திரும்பியது.
முயல்.
திரையை நான் போட்டோ எடுக்கவில்லை.

"நாப்பத்தொண்டா? கோட்டைப் பார்" என்கிறான் நிரோஜன்.
"அதில இல்லை எண்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டன்."

இப்போது வேறொரு சின்னம் இமைக்கிறது:
பற்றரி.
ஏணி பனிக்குள் எங்கேயோ கிடக்கிறது.